வெக்கையும் நரம்பும்

மனித உடலின் உட்பகுதி வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. விடியலுக்குச் சற்று முன் அது மிகத் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருக்கும். ஒரு நாளின் ஏற்ற இறக்கம் அரை டிகிரி முதல் ஒரு டிகிரிதான். கேரளத்தின் தென்கோடியான பாறசாலையில் தென்னை ஏறுபவருக்கும் லடாக்கில் ஆடு மேய்ப்பவருக்கும் இந்த எண் மாறுவதில்லை. பசு, எருமை, ஆடு, நாய், யானை எல்லாவற்றுக்கும் தத்தமக்கென ஓர் எண் உண்டு. பெரும்பாலான பாலூட்டிகளில் அது 36க்கும் 40க்கும் இடையில் விழும். இதைக் காப்பது நரம்பு மண்டலத்தின் வேலை. வேறு வேலை பார்க்கும் தசையையும் இரத்தக் குழாயையும் கொழுப்பையும் மூளை இதற்காக இரவல் வாங்கிக்கொள்கிறது. மனிதனில் வியர்வைச் சுரப்பி போன்ற மிகச் சிலவே ஏறக்குறைய இதற்கென்றே அமைந்தவை.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலும் அவர் உடல் மணிக்கு ஏறத்தாழ 65 முதல் 70 கிலோகலோரி வெப்பத்தை உண்டாக்கும். அது வெளியேற வழியே இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் உடம்பு ஒரு டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். மண்வெட்டி பிடித்தால் கணக்கே வேறு. தசை எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதியெல்லாம் வெப்பம். மணிக்கு 400 கிலோகலோரி செலவாகும் கடும் உழைப்பில் 320 கிலோகலோரி உடலுக்குள் சேரும். வெளியேறாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். ஆகவே வெப்பமண்டலத்தில் உழைப்பவரின் மூளைக்கு முதல் கவலை வெப்பத்தை உண்டாக்குவதல்ல, கழிப்பது.

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில் அதற்குக் குறுக்கே நிற்பது வெயிலைவிட ஈரம். மேற்கே அரபிக் கடல், கிழக்கே அகத்தியமலை, அங்கே பிறந்து பூவாரில் கடல் சேரும் நெய்யாறு. இங்கே வெப்பமானி 40ஐத் தொடுவது அரிது. ஆனாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நிழலில் நிற்பவரின் முதுகுகூட நனைந்தபடியே இருக்கும். மூளையின் கட்டளை சரியாகப் போய்ச் சேர்ந்தும் வேலை நடக்காமல் போவதற்கு இந்தப் புழுக்கம் நல்ல எடுத்துக்காட்டு. அதற்குமுன் கட்டளை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

வெப்பத்தை உணர்வது நரம்பு நுனிகளின் மென்படலத்தில் இருக்கும் புரத வாயில்கள். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அவை திறந்து மின்னூட்டம் கொண்ட அணுக்களை உள்ளே விட, நரம்பில் மின்துடிப்பு கிளம்பும். டிஆர்பிவி1 என்ற வாயிலை 1997இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் குழு கண்டுபிடித்தது. அது சுமார் 43 டிகிரியில், அதாவது சூடு சுடத் தொடங்கும் இடத்தில் திறக்கும். மிளகாயின் காப்சைசினும் அதே வாயிலைத் திறக்கும். மரச்சீனிக் கிழங்கைக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியில் தொட்டுத் தின்பவரின் நெற்றியில் முத்து முத்தாக வியர்ப்பது இதனால்தான்: வாய்க்குள் வெப்பம் கூடவில்லை, கூடியதாக நரம்பு சொல்கிறது, உடல் அதை நம்பிக் குளிர்விக்கப் பார்க்கிறது. குளிரை உணரும் டிஆர்பிஎம்8 வாயில் ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே திறக்கும். புதினாவின் மென்தாலும் அதைத் திறக்கும். இந்தத் துறைக்காக ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மிளகாய்க்கும் உடல் வெப்பத்துக்கும் உள்ள உறவை ஹங்கேரிய ஆய்வாளர்கள் அதற்கு வெகு முன்பே பிடித்திருந்தார்கள். காப்சைசினை ஊசி வழி செலுத்தினால் எலியின் உடல் குளிர்கிறது. பெரிய அளவில் கொடுத்து அந்த நரம்புகளை மழுங்கடித்துவிட்டால் எலிக்கு வெக்கையைத் தாங்கும் திறனே போய்விடுகிறது என்று 1970இல் காட்டினார்கள். பிற்காலத்தில் இந்த வாயிலை அடைக்கும் வலிமருந்துகளை மனிதரில் சோதித்தபோது சிலருக்கு உடல் வெப்பம் 40 டிகிரிவரை ஏறியது. வலிக்கான வாயில் என்று நினைத்தது, வெப்பக் காப்பிலும் ஓயாமல் பங்கெடுத்துக்கொண்டிருந்தது.

தோலின் செய்தி தண்டுவடத்தின் பின்பகுதியில் நுழைந்து மேலே ஏறும்போது இரண்டு பாதைகளாகப் பிரிகிறது. ஒன்று தாலமஸ் வழியாகப் பெருமூளைப் புறணிக்குப் போகிறது. ‘சுடுகிறது’, ‘குளிர்கிறது’ என்று நமக்குத் தெரிவது இதனால். மற்றொன்று மூளைத்தண்டிலுள்ள பாராபிரேக்கியல் கணு வழியாக ஹைப்போதாலமஸுக்குப் போகிறது. உடல் தானாகச் செய்யும் மாற்றங்கள் இதைச் சார்ந்தவை. கசுஹிரோ நகமுரா, ஷான் மோரிசன் இருவரும் 2008இல் எலிகளில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். தாலமஸ் பாதையைச் சிதைத்த பிறகும் தோலைக் குளிர்வித்தால் உடல் வெப்பம் உண்டாக்கத் தொடங்கியது. தெரிவது வேறு, செய்வது வேறு. உறங்குபவருக்கு வியர்ப்பதில் வியப்பில்லை.

தோல் மட்டுமே தகவல் தருவதில்லை. வயிற்றறை உறுப்புகளிலும் தண்டுவடத்திலும் மூளையிலும் வெப்ப உணர்விகள் உண்டு. தோல் சொல்வது முன்னெச்சரிக்கை. உள்ளே இருப்பவை சொல்வது, நடந்து முடிந்ததை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இடம் ஹைப்போதாலமஸின் முன்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள பிரியாப்டிக் பகுதி.

இந்த இடத்தைக் கண்டடைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1850களின் தொடக்கத்தில் பாரிஸில் கிளாட் பெர்னார்ட் முயலின் கழுத்திலுள்ள பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடேறியது. இரத்தக் குழாயைச் சுருக்கிப் பிடித்திருந்தது நரம்பு என்பது அதனால் தெளிவாயிற்று. 1885இல் பெர்லினில் அரான்சோன், சாக்ஸ் இருவரும் முயலின் மூளையில் குறிப்பிட்ட இடத்தில் ஊசியால் குத்தி, கிருமி எதுவுமில்லாமலே காய்ச்சலை வரவழைத்தார்கள். 1938இல் மகூனும் தோழர்களும் பூனையின் பிரியாப்டிக் பகுதியை மட்டும் சூடாக்கினார்கள். உடல் சூடேறாதிருந்தும் பூனை மூச்சிரைத்தது, பாதங்கள் வியர்த்தன. 1961இல் நகயாமா, ஹார்டி ஆகியோர் அதே பகுதியில் தனித்தனி நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவு செய்து, சூடு கூடும்போது வேகமாகத் துடிக்கும் அணுக்கள் இருப்பதைக் கண்டார்கள்.

அந்தப் பகுதியின் அணுக்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்பது அண்மையில்தான் தெரிந்தது. 2020இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகக் குழு, சுண்டெலியின் ஹைப்போதாலமஸில் ஒரு சிறு கூட்டம் நரம்பணுக்களைத் தூண்டியபோது, குளிர்உறக்கம் கொள்ளாத அந்த விலங்கு உறைந்தாற்போல் அடங்கியது. உடல் வெப்பம் பல டிகிரி சரிந்தது, பிறகு கேடின்றி மீண்டது.

பாடநூல்கள் இந்தப் பகுதியை ஏ.சி. பெட்டியின் வெப்பக் கட்டுப்படுத்தியோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை பாதி தூரம்தான் வரும். பெட்டியில் ஓர் எண்ணைக் குறித்து வைக்கிறோம். மூளையில் அப்படி ஓர் எண் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. தோல் இரத்தக் குழாய்க்கு ஒரு சுற்று, வியர்வைக்கு ஒன்று, நடுக்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனி நரம்புச் சுற்றுகள், தத்தமக்குரிய வாசலில் விழித்துக்கொள்கின்றன. செலவில்லாதது முதலில் விழிக்கும். குளிரில் முதலில் தோல் குழாய்கள் சுருங்கும். போதாவிட்டால்தான் தசை நடுங்கும். வெப்பத்தில் முதலில் குழாய்கள் விரியும். பிறகுதான் நீரையும் உப்பையும் செலவிட்டு வியர்வை சுரக்கும். 37 என்பது இந்தச் சுற்றுகளெல்லாம் சேர்ந்து ஓய்ந்திருக்கும் இடம்.

பிரியாப்டிக் பகுதியின் சூடுணர் அணுக்கள் பெரும்பாலும் கீழே உள்ளவற்றைத் தடுத்துப் பிடித்திருப்பவை. சூடு குறைந்தால் பிடி தளரும். ஹைப்போதாலமஸின் பின்பகுதியும் முகுளத்திலுள்ள ரஃபே கணுவும் விழித்து, தண்டுவடம் வழியே பரிவு நரம்புகளை முடுக்கும். தோல் குழாய்கள் சுருங்கும், பழுப்புக் கொழுப்பு எரியும், தசைகள் நடுங்கும். சூடு கூடினால் பிடி இறுகும், குழாய்கள் விரியும். ஓய்வில் நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவுக்குத் தோலில் ஓடும் இரத்தம், கடும் வெக்கையில் 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். இதயத்துக்கு இது பெரிய சுமை. வெயிலில் நெடுநேரம் நின்றவருக்குத் தலை சுற்றுவதும் இதய நோயாளிகளை வெக்கை முதலில் வீழ்த்துவதும் இதனால்.

காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை நெருங்கிவிட்டால் குழாய் விரிந்து பயனில்லை. பிறகு வியர்வை ஒன்றே வழி. மனித உடலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றில் எத்தனை இயங்கும் என்பது பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் தட்பவெப்பத்தைப் பொறுத்து நிலைபெறுகிறது என்று ஜப்பானிய உடலியலாளர் யாசு கூனோ கண்டார். வெப்பநாட்டில் வளர்ந்தவருக்கு இயங்கும் சுரப்பிகள் அதிகம்.

இந்தச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்பில் ஒரு விசித்திரம் உண்டு. பரிவு நரம்புகள் பெரும்பாலும் நுனியில் நார்அட்ரினலினைச் சுரப்பவை. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் பரிவு நரம்பு மட்டும் அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. வேலியோரத்து ஊமத்தை இதற்குச் சான்று. ஊமத்தங்காயிலுள்ள அட்ரோபின் வகைப் பொருள்கள் அசிட்டைல்கோலின் அமரும் இடத்தை அடைத்துவிடும். தெரியாமல் தின்ற குழந்தைக்குத் தோல் சிவந்து, ஒரு துளி வியர்வையின்றி உலர்ந்து, உடல் கொதிக்கும். கண்மணி விரியும், பிதற்றல் வரும். நேர் எதிரானது ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து. அது அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குவதால் சுரப்பிகள் நிற்காமல் சுரக்கும். நஞ்சு ஏறியவர் வியர்வையில் குளிப்பார், வாயில் நீர் ஊறும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். மருத்துவமனையில் அதற்கு மாற்றாகச் செலுத்துவது அதே அட்ரோபின்தான். தொழுநோயில் வெளிறிய திட்டு உணர்வற்றுப் போவதோடு வியர்க்காமல் வறண்டும் போவது மூன்றாவது சான்று: சுரப்பி இருக்கிறது, அதற்கு வரும் நரம்பு நுனி அழிந்துவிட்டது.

நரம்புப் பாதை நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுந்தவர்களின் உடல் காட்டுகிறது. கேரளத்தில் தண்டுவடம் முறிவதற்கு மரத்திலிருந்து விழுவது முக்கியக் காரணங்களில் ஒன்று. பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் கிளம்புபவை. கழுத்தில் முறிவு நேர்ந்து தண்டுவடம் முழுதாக அறுந்தால் அவையெல்லாம் மூளையோடு தொடர்பற்றுப் போகும். பிரியாப்டிக் பகுதி பழுதின்றி இருக்கும். வெப்பம் ஏறுவதை அறியும். கட்டளை மட்டும் இறங்காது. முறிவுக்குக் கீழே வியர்வை வராது, தோல் குழாய்கள் விரியா, குளிர்ந்தால் தசை நடுங்காது. முறிவுற்றவரின் உடல் வெப்பம் அறையின் வெப்பத்தைப் பின்பற்றி ஏறி இறங்கும். தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல் பகலில் படுத்திருக்கும் அத்தகையவருக்கு நனைத்த துணியும் விசிறியும் வசதிக்காக அல்ல, இழந்த நரம்பின் வேலையைச் செய்வதற்காக. வீட்டிலுள்ளவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்பாமல் நோயாளியை வீட்டுக்கு விடுவது அரைகுறைச் சிகிச்சை.

குளிருக்கான ஏற்பாடுகள் இந்த ஊர்களில் அரிதாகவே வேலை செய்கின்றன. ஆனால் பிறந்த குழந்தைக்கு எங்கும் அவை வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு நடுங்கி வெப்பம் உண்டாக்கத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை நரம்பு முடுக்கி எரியவைக்கிறது. அந்தச் செல்களின் மைட்டோகாண்ட்ரியா ஆற்றலைச் சேமிக்காமல் நேராக வெப்பமாக்கிவிடும். இருப்பு சொற்பம் என்பதால்தான் முதல் குளிப்பை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அறுவைச் சிகிச்சை முடிந்து வருபவர் கிடுகிடுவென நடுங்குவதும் இதே நரம்புக் கதை: மயக்க மருந்து குழாய் சுருங்கும் வாசலையும் நடுக்கத்தின் வாசலையும் தாழ்த்திவிடுகிறது, அதற்குள் உடல் குளிர்ந்துவிடுகிறது, மருந்து தெளிந்ததும் மூளை தாமதமாக விழிக்கிறது.

மற்ற பாலூட்டிகளுக்கு இதே மூளைப் பகுதிதான், கருவிகள் வேறு. நாய்க்குப் பாதம் தவிர உடலில் வியர்வையால் குளிரும் வசதி இல்லை. நாக்கும் மூக்கும்தான் ஆவியாக்கும் இடம். எருமைக்குக் கறுத்த தோல், பசுவைவிட மிகக் குறைந்த வியர்வைச் சுரப்பிகள்; எனவே குளத்தைத் தேடி இறங்கும். ஆட்டின் மூளை அடியில் தமனிகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. மூச்சிரைப்பால் மூக்கில் குளிர்ந்த சிரை இரத்தம் அவற்றைச் சுற்றி ஓடுவதால் மூளைக்குப் போகும் இரத்தம் உடலின் மற்றப் பகுதியைவிடச் சற்றுக் குளிர்ந்து போய்ச் சேர்கிறது. நெய்யாறு அணைக்கட்டை ஒட்டிய கோட்டூர் காப்புக்காடு யானைகள் மறுவாழ்வு மையத்தில் நீராடும் யானைகளைப் பார்ப்பவர் அவற்றின் காதையும் கவனிக்கலாம். மெல்லிய காதில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன. நரம்பு அவற்றைத் திறந்துவிட, காதசைவு வெப்பத்தைக் காற்றில் கொட்டும். நகங்களை ஒட்டிய இடம் தவிர யானைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. தோலின் சுருக்கங்கள் தண்ணீரையும் சேற்றையும் நெடுநேரம் பிடித்துவைத்து அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன.

நிழல் தேடுவது, தண்ணீர் குடிப்பது, நடுப்பகலில் வேலையை நிறுத்துவது எல்லாமும் நரம்பு மண்டலத்தின் வெப்பக் காப்பே. பசியும் அதில் சேர்த்தி. விலங்குகள் குளிரில் மிகுதியாகவும் வெக்கையில் குறைவாகவும் தின்பதைக் கண்ட ஜான் பிராபெக், உண்பதே வெப்பச் சீரமைப்பின் ஒரு பகுதி என்று 1948இல் வாதிட்டார். 1951இல் அவரோடு சேர்ந்து ஹைப்போதாலமஸின் பசி மையத்தைக் கண்டறிந்த பி.கே. ஆனந்த், பின்னர் டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் உடலியல் துறையை வளர்த்தார். அதே துறையில் வி. மோகன் குமார் எலிகளின் பிரியாப்டிக் பகுதி அணுக்களை அழித்துப் பார்த்தபோது வெப்பக் காப்போடு உறக்கமும் குலைந்தது. பிறகு அவர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உறக்க ஆய்வைத் தொடர்ந்தார். உறக்கம் வருவதற்குக் கை கால்களின் தோல் குழாய்கள் விரிந்து உடலின் உள் வெப்பம் சற்று இறங்க வேண்டும். காற்று அசையாத புழுக்க இரவில் அந்த இறக்கம் நடப்பதில்லை. புரண்டு படுக்க வேண்டியதுதான்.

காய்ச்சலில் நரம்பு தோற்பதில்லை. அது வேண்டுமென்றே வெப்பத்தை ஏற்றுகிறது. கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் விடும் செய்திப் பொருள்கள் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2வை உண்டாக்க, அது பிரியாப்டிக் அணுக்களின் தடுப்புப் பிடியைத் தளர்த்துகிறது. 38 டிகிரியில் இருக்கும் உடலை மூளை குளிர்ந்த உடலாக எடுத்துக்கொள்ளும். தோல் வெளிறும், பல் கிட்டும், ஏப்ரல் மாதத்தில் கம்பளி கேட்பார் நோயாளி. காய்ச்சல் இறங்கும்போது அதே உடல் சூடானதாகக் கணக்கிடப்பட்டு வியர்த்துக் கொட்டும். ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். டெங்கு காய்ச்சலில் இரத்தக்கசிவு அச்சத்தால் ஆஸ்பிரினைத் தவிர்த்துப் பாராசிட்டமால் தருகிறார்கள்.

வெப்பத்தாக்கு இதற்கு நேர்மாறு. அங்கே மூளை வெப்பத்தை இறக்கவே முழுமூச்சாக முயல்கிறது, முடியவில்லை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெளியேறும். மேலே சொன்ன கடும் உழைப்புக்கு மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் போதும். தரையில் சொட்டும் வியர்வை எதையும் குளிர்விக்காது, உப்பையும் நீரையும் வீணாக்கும். ஆவியாவதைத் தீர்மானிப்பது தோலின் ஈரத்துக்கும் காற்றின் ஈரத்துக்கும் உள்ள ஆவியழுத்த வேறுபாடு. 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரப் பகலைவிட, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே 40 டிகிரியும் 20 சதவீதமும் உள்ள வறண்ட பகலில் அந்த வேறுபாடு இரு மடங்குக்கு மேல். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி முதல் இடத்தில் 29 டிகிரியையும் இரண்டாவதில் 23 டிகிரியையும் காட்டும். அந்த அளவு 35ஐத் தொட்டால் எந்த மனிதனும் நெடுநேரம் தாங்க முடியாது என்று 2010இல் கணக்கிடப்பட்டது; பின்னர் அமெரிக்காவில் இளைஞர்களை வைத்துச் செய்த சோதனைகளில் ஈரமான வெக்கையில் 31ஐ ஒட்டியே உடல் வெப்பம் கட்டுக்கு அடங்காமல் ஏறத் தொடங்கியது.

இந்திய வானிலைத் துறை கடலோரத்தில் வெப்ப அலை அறிவிக்க, வெப்பநிலை 37ஐத் தொட்டு இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். ஈரப்பதம் இந்த அளவுகோலில் இல்லை. நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் மிக மோசமான பகல்கள் பல, ஏட்டளவில் சாதாரண நாள்களாகக் கழிந்துவிடும். கேரள அரசு 2019இல் வெப்ப அலையையும் வெயில் தாக்குதலையும் மாநிலப் பேரிடராக அறிவித்தது. தொழிலாளர் துறை கோடைதோறும் வெளிவேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு தரும்படி ஆணையிடுகிறது. உடலியல் பார்வையில் இந்த ஆணை எண்களைவிட நம்பத்தக்கது, ஏனெனில் அது உள்ளே உண்டாகும் வெப்பத்தையே குறைக்கிறது.

வெக்கைக்குப் பழகாத உடலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். அதற்குள் வியர்வை முன்கூட்டியே தொடங்கவும் அதில் உப்பு குறையவும் உடல் கற்றுக்கொள்ளும். வட மாநிலத்திலிருந்து ரயிலிறங்கி மறுநாளே கல் சுமக்கும் தொழிலாளிக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. பழகியவருக்கும் இழந்த நீரும் உப்பும் திரும்ப வேண்டும். உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் இரண்டையும் தரும்.

உள் வெப்பம் 40ஐத் தாண்டி, பேச்சுக் குழறி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை; உழைக்கும்போது விழுபவர் நனைந்த உடலோடே விழுவார். பாராசிட்டமால் இங்கே உதவாது. தடுக்கப்பட வேண்டிய புரோஸ்டாகிளாண்டின் இதில் காரணமில்லை. உடனே தண்ணீரில் அமிழ்த்துவதும், அது இயலாத இடத்தில் உடலெங்கும் நீர் ஊற்றிப் பலமாக விசிறுவதும், அதன்பின் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும்தான் சிகிச்சை. முதியவர்களுக்குத் தாகமும் வியர்வையும் தாமதமாகத் தொடங்குகின்றன. மனநோய்க்கும் சிறுநீர்ப்பைத் தொல்லைக்கும் தரும் சில மாத்திரைகள் ஊமத்தையைப் போலவே வியர்வையைத் தடுப்பவை. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இதயம் வேகமெடுப்பதைத் தடுத்து, தோலுக்கு இரத்தம் பாய்வதைக் குறைப்பவை. இவற்றை உண்ணும் முதியவர் வெயிலில் இறங்காமல், காற்றோட்டமில்லாத வீட்டுக்குள் இருந்தபடியே, இரண்டு மூன்று நாள் தொடர்ந்த புழுக்கத்தில் வெப்பத்தாக்குக்கு ஆளாவதுண்டு.